விரல்ரேகையைப் பார்த்துப் படிப்பைச் சொல்கிறவர்களிடம் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்

பள்ளிப் படிப்பு முடிந்து அடுத்து எதில் சேர்வது என்று பிள்ளைகள் குழம்பி நிற்கும் வீடுகளைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. பத்து விரல்களின் ரேகையையும் ஸ்கேன் செய்து, மூளையில் எந்தப் பகுதி வலுவானது, எந்தப் படிப்பு பொருந்தும் என்று அறிக்கை தருகிறார்கள். என் அக்கா மகனுக்கு இதனால் ஓர் ஆண்டு போய்விட்டது.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே எலக்ட்ரீஷியன் வேலையில்தான் ஆசை. தொழிற்பயிற்சிக்கான விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து வைத்திருந்தான். ஆலோசனை மையத்தில் இருந்தவர் வழவழப்பான தாளில் வண்ண வண்ணக் கட்டங்களோடு ஒரு தடித்த அறிக்கையை நீட்டி, "தம்பிக்குக் கைவேலை வராது, நிர்வாகப் படிப்புதான் சரி" என்றார். சொன்ன கையோடு ஒரு தனியார் கல்லூரியின் சேர்க்கைப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். வேறு கல்லூரியின் பெயரே அவர் வாயிலிருந்து வரவில்லை. இன்றே முன்பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று வேறு நெருக்கினார். அக்கா பணம் கட்டவில்லை. ஆனால் பையன் மனம் விட்டுப்போய்த் தன் விண்ணப்பத்தை அனுப்பாமலே இருந்துவிட்டான். கடைசித் தேதி கடந்துவிட்டது. பதினாறு வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே "உனக்கு வராது" என்று சொல்ல இவர்கள் யார்?

பிறகு அவனுடைய வகுப்புத் தோழியின் அறிக்கையை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். "வெளியில் துணிச்சலாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் தயக்கம் உண்டு" என்று தொடங்கும் பத்தி இரண்டிலும் வரி மாறாமல் இருந்தது. இந்த உத்தி பழையது. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் அனைவருக்கும் ஒரே குணவிவரத்தைக் கொடுத்து, அவரவருக்கென்று எழுதியதாக நம்பவைத்தார். அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் போட்ட மதிப்பெண்ணின் சராசரி, ஐந்துக்கு நான்குக்கும் மேல்!

விரல்ரேகை தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகிறது. ஒரே கருவில் உண்டான இரட்டையருக்குக்கூட அது வேறுபடும். ஆளை அடையாளம் காண அது உதவும். எந்தப் படிப்பு வரும் என்று அதிலிருந்து சொல்ல நம்பத்தக்க ஆதாரம் கிடையாது.

நல்ல ஆலோசகர் முதலில் பிள்ளையைப் பேசவிடுவார். மேல்நிலைப் படிப்பு, டிப்ளமோ, தொழிற்பயிற்சி, வேலை பார்த்துக்கொண்டே கற்கும் அப்ரண்டிஸ் முறை என எல்லா வழிகளையும் முன்னால் வைப்பார். தொழில் கற்றவர் பின்னாளில் பட்டம் படிக்க வழி இருக்கிறதா, சான்றிதழை வழங்குவது யார், அதை வேலை தருபவர்கள் ஏற்கிறார்களா என்பதையெல்லாம் விளக்குவார். ஒரு பட்டறைக்குப் போய் அரை நாள் பார்த்துவிட்டு வா என்பார். கல்லூரியிடமிருந்து அவருக்குக் கமிஷன் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பிள்ளைகளின் பத்து விரல்ரேகையும் அந்த மையத்தின் கணினியில் இருக்கிறது. கடவுச்சொல்லைப் போல ரேகையை மாற்றிக்கொள்ள முடியாது. அதை அழிக்கச் சொல்லி எழுத்துமூலம் கேட்டிருக்கிறோம். இதுவரை பதில் இல்லை. ஏற்கெனவே ரேகை கொடுத்துவிட்டவர்கள் நீங்களும் இன்றே எழுதிக் கேளுங்கள். இப்படிப்பட்ட முகாமுக்கு உங்கள் பள்ளி இடம் கொடுத்தால் தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசுங்கள்.