இண்டக்‌ஷன் அடுப்புக் கண்ணாடிக்கு ஒரு நல்ல சுரண்டி

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பாத்திரக் கடையொன்றில் வாங்கிய, பிளேடு பொருத்திய கண்ணாடிச் சுரண்டியும் அதனுடன் வந்த துப்புரவுக் கிரீமும் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்போருக்கு உண்மையிலேயே பயன்படும். பொங்கி வழிந்து காய்ந்த பாலை, பாத்திரத்தின் சூடு கண்ணாடியில் இறங்கியிருக்கும் என்பதால் அடுப்பை அணைத்து நன்றாக ஆறவிட்டு, பிளேடைச் சாய்வாகப் பிடித்துத் தள்ளினால், கம்பி நார் போடும் கீறல்கள் ஏதுமின்றி அது முழுதாகப் பெயர்ந்து வருகிறது. சர்க்கரைப் பாகு சிந்தினால் மட்டும் முழுதும் ஆறக் காத்திருக்கக் கூடாது. இறுகிய பாகு கண்ணாடியின் மேற்பரப்பையே பெயர்த்துவிடக்கூடும் என்பதால், கையுறை அணிந்து, சூடு இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். எங்கள் பகுதியின் போர் தண்ணீர் விட்டுச்செல்லும் வெள்ளைத் திட்டுகளுக்கு இந்தக் கிரீம் போதவில்லை. சுண்ணாம்பு உப்பைக் கரைக்கும் வினிகரைத் துணியில் நனைத்துத் துடைப்பதே மேல். பிளேடுக்கு மூடி கொடுத்திருப்பது பாராட்டத்தக்கது. மாற்று பிளேடுகளும் சேர்த்துத் தந்திருக்கலாம்.