வைஃபை ரேடியேஷன் ‘சிப்’ விற்க வருகிறார்கள், கதவைத் திறக்காதீர்கள்

போன வாரம் எங்கள் அப்பார்ட்மென்ட்டில் நடந்தது இது. அதே ஆட்கள் பக்கத்துத் தெருக்களிலும் ஏறி இறங்குவதாகக் கேள்விப்பட்டதால் எழுதுகிறேன்.

வளைகாப்பு முடிந்து அக்கா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பகலில் வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும்தான். கையில் ஒரு மீட்டரோடு வந்தவர், “ஃப்ரீயா ரேடியேஷன் செக் பண்றோம்மா” என்றிருக்கிறார். அக்காவை யாருக்காவது போன் போடச் சொல்லி மீட்டரைக் காட்ட, சிவப்பு விளக்கு எரிந்து கத்தியிருக்கிறது. “வயித்துல குழந்தைய வச்சுக்கிட்டு இதுக்குள்ளயா இருக்கீங்க மேடம்?” அம்மா ஆடிப்போய்விட்டார். போனுக்கும் ரௌட்டருக்கும் ஒட்ட, ரேடியேஷனைத் தடுக்குமாம் ஒரு ‘சிப்’, அக்கா கழுத்துக்கு ‘ஸ்கேலார் எனர்ஜி’ என்று ஏதோ பெயர் சொல்லி ஒரு பென்டன்ட், மொத்தம் 4,800 ரூபாய். ரசீதில் ஜிஎஸ்டி எண்கூட இல்லை.

சிப் ஒட்டியதும் மீட்டர் பச்சைக்கு வந்ததாம். வராமல் என்ன செய்யும்? கால் போடும்போது போன் டவரைப் பிடிக்க அதிக சக்தியில் அலை அனுப்பும். லைன் கிடைத்துவிட்டால் தேவைக்கு ஏற்பத் தானே குறைத்துக்கொள்ளும். அவர் முதலில் மீட்டரை வைத்தது லைன் கிடைப்பதற்கு முன். அடுத்து வைத்தது பேச ஆரம்பித்த பிறகு. மறுநாள் அவரை வரவழைத்து, சிப்பைப் பிய்த்து எறிந்துவிட்டு அதையே செய்யச் சொன்னேன். முதலில் சிவப்பு, அப்புறம் பச்சை, அப்படியே வந்தது. ரௌட்டரில் சிப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிக்னல் அளவு மாறவில்லை. அலையை உண்மையாகவே தடுத்திருந்தால் வைஃபை செத்திருக்க வேண்டுமே! பணத்தைக் கேட்டதற்கு, “கம்பெனியில ரிட்டர்ன் கிடையாது சார்” என்று கிளம்பிவிட்டார்.

அவர் காட்டிய பேப்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் பெயர் இருந்தது. அதன் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-இல் ரேடியோ அலைகளை 2பி பிரிவில் வைத்தது உண்மைதான். ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும், ஆனால் சான்று போதாது’ என்ற பிரிவு அது. ஆசிய நாடுகளின் காய்கறி ஊறுகாயும் அதில்தான் இருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை. வீட்டு ரௌட்டர் வெளியிடுவது சுமார் 100 மில்லிவாட், ப்ளூடூத் இயர்போன் சில மில்லிவாட். எக்ஸ்ரே மாதிரி அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் வலு இந்த அலைகளுக்குக் கிடையாது.

எனக்கு ஆத்திரம் பென்டன்ட் மேல்தான். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுசக்திப் பாதுகாப்பு ஆணையம், 5ஜி அலையிலிருந்து காப்பதாக விற்ற பத்துப் பொருட்களைப் பெயர் சொல்லி எச்சரித்தது. அவற்றிலிருந்தே கதிரியக்கம் வந்துகொண்டிருந்தது. இப்படிப்பட்ட பென்டன்ட்களில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த கனிமப் பொடி இருப்பது பல நாட்டுச் சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட் கனிமத்திலும் அதே தோரியம்தான். கர்ப்பிணியின் கழுத்தில் இரவும் பகலும் கிடக்க வேண்டிய பொருளா இது? அன்றைக்கே கழற்ற வைத்தேன்.

பயமாக இருந்தால் காசில்லாத வழி இருக்கிறது: போனைக் காதில் அழுத்தாமல் ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ பேசுங்கள். இந்தியாவில் விற்கும் போன்களுக்கு எஸ்ஏஆர் (SAR, போனின் அலையை உடல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற அளவு) வரம்பு கிலோவுக்கு 1.6 வாட், *#07# அடித்தால் பெரும்பாலான போன்களில் உங்கள் போனின் அளவு தெரியும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் ரசீதைத் தூக்கிப் போடாமல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். நாங்கள் புகார் கொடுத்துவிட்டோம். பகலில் தனியாக இருக்கும் உங்கள் அம்மா, அப்பாவிடம் இன்றே சொல்லிவையுங்கள்.