மூணு மார்கழியும் ஒரு ஆர்சிசிபியும்

நேத்துதான் நீச்சல் குளத்து ஹீட்டருக்குப் புது எலிமென்ட் (சூடேத்தற கம்பிக் குழாய்) மாத்தினோம். கை கழுவறதுக்குள்ள பெருந்துறை மச்சான் போன்ல, "நானும் ஒண்ணு போடலாம்னு இருக்கேன் மாப்ள, நம்ம வீட்டு எலக்ட்ரீசியனை வெச்சே வயர் இழுத்துக்கலாமா?"ன்னு கேக்கறார். வாயில சொன்னா சண்டையாயிருமுங்க, அதான் எழுதறேன்.

அம்மா முட்டி வலிக்குத் தண்ணியில நடக்கறதுக்காகத்தான் காங்கயம் பக்கம் தோட்டத்து வீட்டுல 12,000 லிட்டர் குளமும் 9 கிலோவாட் த்ரீ பேஸ் ஹீட்டரும். (அம்மாவுக்கு இன்னைக்கும் அது 'தொட்டி'தான்.) ஒரு டிகிரி ஏத்த 14 யூனிட், ஒன்றரை மணி நேரம். ராத்திரி மேல பாய் விரிக்காம விட்டா பாதிச் சூடு காத்தோட போயிரும். இதெல்லாம் தெரிஞ்சேதான் வாங்கினேன்.

என் ஆத்திரமெல்லாம் மோட்டார் ரூம் சுவத்துல இருக்கற ஆர்சிசிபி மேல. 30 மில்லி ஆம்பியர் கரண்ட்டு கசிஞ்சாலே லைனை வெட்டற பொட்டி அது. மார்கழி மாசம், விடியக்காலம் நாலரை மணி, தலைக்குத் துண்டைக் கட்டிட்டுப் போய்ப் பார்த்தா அது விழுந்து கிடக்கும். தண்ணியில காலை வெச்சா ஜில்லுங்குது.

முதல் வருஷம் ரூம்ல லைட்டைப் போட்டாலே ஹீட்டர் போயிரும். பேய் பிடிச்ச வயரிங்னு நெனச்சேன். பார்த்தா, லைட்டுக்கு பேஸ் வேற சர்க்யூட்டு, நியூட்ரல் மட்டும் ஆர்சிசிபி தாண்டி எடுத்து முறுக்கியிருக்கு. போற கரண்டும் வர்ற கரண்டும் சமமா இல்லைன்னா விழறதுதான அதோட சோலி? அஞ்சு நிமிஷ வேலை, கண்டுபிடிக்க ரெண்டு மாசம்.

ரெண்டாவது வருஷம் மழைக்காலம் பூரா ஓட்டாம விட்டதுல எலிமென்ட்டுக்குள்ள ஈரம் ஏறிருச்சு. உள்ள இருக்கற மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை உறிஞ்சுமாம். எலக்ட்ரீசியன் சர்வ சாதாரணமா, "30 ரொம்ப நொய்யிங்கண்ணா, 100 போட்டா விழவே விழாது"ன்னார். சத்தியமா சொல்றேன், சரின்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துருச்சு. அந்தத் தண்ணியில எங்கம்மா நிக்கறாங்கன்னு நெனப்பு வந்து நிறுத்தினேன். எலிமென்ட்டைக் கழட்டி வெயில்ல காய வெச்சு மாட்டினதும் விழறது நின்னுருச்சு.

இந்த வருஷமும் ஈரம்தான்னு காய வெச்சேன். மறுபடி விழுந்துச்சு. மெக்கர் (இன்சுலேஷன் பார்க்கற மீட்டர்) வெச்சா 0.2 மெகா ஓம். ஒண்ணுக்குக் கீழ போனாலே சந்தேகப்படணும். கழட்டிப் பார்த்தா எங்க போர் தண்ணி உப்பு விரல் தடிமனுக்குப் படிஞ்சு, அதுக்கு அடியில குழாய் மயிரிழை வெடிச்சிருந்துச்சு. மூணு வருஷமா நான் திட்டின பொட்டி இந்தத் தடவை சொன்னது அத்தனையும் நெசம். ஆனாலும் அது மேல கோபம் போகலீங்க.

வயர் விஷயத்துல குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை. சிங்கிள் பேஸ்ல 39 ஆம்பியர் இழுக்கறதை த்ரீ பேஸ் பன்னெண்டரைக்குக் கொண்டு வந்துரும். 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், லோடு மீறினா வெட்டற 16 ஆம்பியர் நாலு போல் எம்சிபி. பம்ப் ஓடாம ஹீட்டர் ஓடாது, தண்ணி ஓட்டம் நின்னா ஃப்ளோ ஸ்விட்ச் வெட்டிரும். பொட்டி, ஹீட்டர் எல்லாம் கரையிலிருந்து மூணரை மீட்டருக்கு அந்தாண்ட. இறங்கற கைப்பிடிக் கம்பி, பம்ப் பாடி, ஹீட்டர் பாடி எல்லாத்தையும் ஒரே எர்த்தோட கட்டியாச்சு. எங்க காட்டுல ரெண்டடிக்குக் கீழ சுக்கான்பாறை, சித்திரையில எர்த் குழிக்கு மாட்டுக்கு ஊத்தற மாதிரி தண்ணி ஊத்தணும். எர்த் செத்துருந்தா வெடிச்ச எலிமென்ட்டோட கரண்ட்டு தண்ணியிலயே நிக்கும். அப்புறம் ஆர்சிசிபி விழறதுக்கு ஒரு ஆள் தொடணும்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் விவசாய லைன்லயே கொடுத்துரச் சொன்னார். இலவசக் கரண்ட்டு பயிருக்குக் கொடுத்தது, முட்டி வலிக்கு இல்லீங்களே.

ஆக மச்சான், ஹீட்டர் வேண்டாம். வாங்காதீங்க. அதே சூட்டை ஹீட் பம்ப் நாலுல ஒரு பங்கு கரண்ட்டுல தரும். மீறி இதையே வாங்கினீங்கன்னா, 100 போடச் சொல்ற ஆளை வாசல்லயே டீ கொடுத்து அனுப்பிருங்க.

இதை எழுதிட்டிருக்கும்போதே அம்மா வந்து கேக்கறாங்க: "தொட்டி சுட்டுருச்சா கண்ணு?" போய் 29ல வெச்சுட்டு வர்றேன்.