கியர்பாக்ஸ் மாட்டும் முன் கிராங்கின் பின்பக்கத்தைப் பாருங்கள்

பழைய மஸ்கிள் காரை (பெரிய எஞ்சின் வைத்த அந்தக் கால அமெரிக்கக் காரை) ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸிலிருந்து மேனுவலுக்கு மாற்றக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். டெட்ராய்ட் பக்கத்தில் பெயர் பெற்ற ஒரு பட்டறை, ஒன்பதாயிரம் டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு என் காரில் செய்த வேலை இது.

கார் 1969 பிளிமத் ரோட் ரன்னர், கிரைஸ்லர் நிறுவனத்தின் தயாரிப்பு, 383 கன அங்குல எஞ்சின். அந்த வண்டிக்கு நான்கு கியர் மேனுவல்தான் ஸ்டாண்டர்ட். ஆட்டோமேட்டிக் கூடுதல் விலைக்கு. ஃபேக்டரி விவரங்கள் குத்திய என் காரின் ஃபெண்டர் தகட்டில் D21 என்று இருக்கிறது, அதாவது ஃபேக்டரியிலிருந்து மேனுவலாக வந்த கார். எப்போதோ யாரோ எஞ்சினையும் மாற்றி, 727 டார்க்ஃப்ளைட் ஆட்டோமேட்டிக்கையும் ஏற்றிவிட்டார்கள். எஞ்சின் மாறியது எனக்குத் தெரியும், பிளாக்கில் குத்தியிருக்கும் எண் காரின் எண்ணோடு ஒத்துப்போகவில்லை. நல்லவேளையாக, தரையில் நான்கு கியருக்கான மேடு கார்ப்பெட்டுக்கு அடியில் அப்படியே இருந்தது. ஆக வேலை என்னவென்றால் பெடல்கள், இஸட்-பார் (பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கடத்தும் தண்டு), ஃபிளைவீல், பெல்ஹவுசிங் (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்சை மூடியிருக்கும் கூடு), கிளட்ச், ஹர்ஸ்ட் ஷிஃப்டர், ரீபில்ட் செய்த (பிரித்துப் புதுப்பித்த) A833 நான்கு கியர் மேனுவல் பாக்ஸ்.

முதல் நாளே பட்டறை முதலாளியிடம் ஒன்றைக் கேட்டேன். இந்த எஞ்சின் ஆட்டோமேட்டிக் காரிலிருந்து வந்ததாக இருந்தால், கிராங்கில் (எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டில்) பைலட் புஷ்ஷுக்கான (கியர்பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் சிறு வளையத்துக்கான) துளை கடைந்திருக்காதே, பார்த்தீர்களா? கிரைஸ்லர் கார்களில் இது எல்லோருக்கும் தெரிந்த தலைவலி. 727இன் டார்க் கன்வெர்ட்டருக்கு (ஆட்டோமேட்டிக்கில் கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் பாகத்துக்கு) கிராங்க் முனையில் உள்ள வெளிப்பள்ளம் மட்டும் போதும். மேனுவலுக்கு அதற்கும் உள்ளே, இன்புட் ஷாஃப்டின் (கியர்பாக்ஸிலிருந்து முன்னே நீளும் தண்டின்) நுனி போய் உட்கார சுத்தமாகக் கடைந்த துளை வேண்டும். ஆட்டோமேட்டிக்குக்குப் போன பல கிராங்குகளில் அதைக் கரடுமுரடாகவே விட்டிருப்பார்கள். “அதெல்லாம் நாங்கள் கடைந்து புஷ் போட்டுத் தருவோம், கவலையை விடுங்கள்” என்றார். பில்லிலும் கிராங்க் கடைசல் கூலி, பைலட் புஷ் என்று இரண்டு வரி தனித்தனியாக இருந்தது.

ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூ ட்ரீம் க்ரூஸுக்கு (பழைய கார்களின் ஊர்வலத்துக்கு) முன்னால் தருவதாகச் சொன்ன கார், இலையுதிர் காலத்தில் வந்தது. தாமதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இந்த ஊரில் அது சகஜம். ஆனால் கிளட்சைத் தரையோடு அழுத்தினாலும் ரிவர்ஸ் கியர் ‘கர்ர்ர்’ என்றுதான் விழுந்தது. மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தது. பாக்ஸின் முன்பக்கத்திலிருந்து ஓர் உறுமல் வேறு. திரும்பக் கொண்டுபோனால் கிளட்ச் ராடைக் கொஞ்சம் திருகிவிட்டு, “ஐம்பது வயது தாண்டிய கார், சத்தம் வரத்தான் செய்யும்” என்றார்கள். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

கடைசியில், கிரைஸ்லர் கார்களை மட்டுமே பார்க்கும், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் பாக்ஸை இறக்கினார். இன்புட் ஷாஃப்டின் நுனியைக் காணோம்! ஆக்ஸா பிளேடால் அறுத்த கோடு அப்படியே தெரிந்தது. கிராங்கின் துளையை யாரும் தொடவே இல்லை, உள்ளே துருதான் இருந்தது. புஷ்ஷும் இல்லை, பேரிங்கும் இல்லை. நுனி உள்ளே போகாமல் முட்டியிருக்கிறது, அறுத்துப் போட்டுவிட்டு மாட்டியிருக்கிறார்கள். கிளட்சை மிதித்ததும் கிராங்கும் ஷாஃப்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றும். அப்போது ஷாஃப்டின் முன்முனையைத் தாங்கிப் பிடிப்பது அந்தச் சின்ன புஷ்தான். அது இல்லாததால் ஷாஃப்ட் ஆடி, கிளட்ச் தட்டின் நடுப்பகுதி விரிசல் விட்டு, பாக்ஸின் முன் பேரிங்கும் போய்விட்டது.

நுனியை வெட்டுவதே குற்றம் என்று சொல்லவில்லை. கிராங்கின் வெளிப்பள்ளத்தில் பொருந்தும் ஒரு ரோலர் பேரிங் உண்டு. அதைப் போட்டு நுனியை அளவாக வெட்டுவது பலரும் செய்கிற வழி. ஆனால் பேரிங் போடாமல் வெட்டிவிட்டு, கடைந்ததாகக் கூலி வாங்குவதற்கு என்ன பெயர்?

பெரியவர் அதோடு விடவில்லை. டயல் கேஜைக் கிராங்கில் பொருத்தி, பெல்ஹவுசிங்கின் நடுத்துளை கிராங்கோடு ஒரே மையத்தில் இருக்கிறதா என்று சுற்றி அளந்தார். 0.005 அங்குலத்துக்குள் இருக்க வேண்டியது 0.016 காட்டியது. ஒரு பெல்ஹவுசிங்கைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் கட்டாயம் பார்க்க வேண்டிய அளவு இது, முதல் பட்டறையில் பார்த்த அடையாளமே இல்லை. 0.007 அங்குல ஆஃப்செட் டவல் பின் (பெல்ஹவுசிங்கை நிலைநிறுத்தும், மையம் சற்று விலகிய முளை) போட்டுத் திருப்பியதும் 0.002க்கு வந்தது. வேலை முடிந்து பாக்ஸை மாட்டிவிட்டால் இந்த இரண்டுமே கண்ணுக்குத் தெரியாது, அங்கேதான் ஏமாற்றுகிறார்கள். பாக்ஸை ஏற்றும் முன் கூப்பிடச் சொல்லுங்கள். புஷ் உட்கார்ந்திருப்பதையும் டயல் முள் சுற்றுவதையும் நேரில் பாருங்கள், தூரமாக இருந்தால் வீடியோவாவது கேளுங்கள். முடியாது என்று சொல்கிற கடையில் காரை விடாதீர்கள்.

‘ரீபில்ட்’ என்ற கதையும் பாதிதான் உண்மை. வெளியே புது பெயின்ட், உள்ளே பழைய சிங்க்ரோ வளையங்கள் (கியர் சத்தமில்லாமல் விழ உதவுபவை). இன்னொன்றும் கவனியுங்கள். 1975 முதல் வந்த ஓவர்டிரைவ் (மேல் கியரில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும் வகை) A833ஐப் பழைய மஸ்கிள் கார் பாக்ஸ் என்று சிலர் தள்ளிவிடுவார்கள். அதில் முதல் கியர் விகிதம் 3.09, 383 கார்களில் வந்தது 2.66. எனக்கு அந்த மோசடி நடக்கவில்லை.

கழற்றிய 727 எங்கே என்று கேட்டேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பாக்ஸ், விற்றால் காசு. “அது அப்போதே ஸ்கிராப்புக்குப் போய்விட்டது” என்றார்கள். மிச்சிகனில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டறைகள் மாநிலத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எழுத்தில் எஸ்டிமேட் தர வேண்டும். கழற்றிய பாகங்களை வேண்டும் என்று வேலையைக் கொடுக்கும்போதே கையெழுத்துப் போடும் தாளில் எழுதிவிடுங்கள்.

அறுத்த நுனி, டயல் அளவு, பில் எல்லாவற்றின் படங்களோடும் மாநிலச் செயலர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கிரெடிட் கார்டில் கட்டிய பகுதிக்கு வங்கியிலும் ஆட்சேபம் போட்டாயிற்று. ரொக்கமாகக் கொடுத்தால் தள்ளுபடி என்று அவர்கள் ஏன் அவ்வளவு வற்புறுத்தினார்கள் என்று இப்போது புரிகிறது. புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பெரியவர் போட்ட ரோலர் பேரிங் முப்பது டாலருக்குள்தான் ஆனது. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது, மூன்றாவது கியரும் கழல்வதில்லை. இரண்டாவது கியரின் சிங்க்ரோவை மட்டும் குளிர்காலத்தில் பார்க்கலாம் என்றிருக்கிறார்.