ரெண்டு வருஷத்துக்கு மேல திருகு டைமர் வச்சி வேல பாக்கேன், என் அனுபவம்

பாளையங்கோட்டைல வீட்டுல இருந்தே மெடிக்கல் கோடிங் பாக்கேன். தெரியாதவங்களுக்கு சொல்லுதேன், அமெரிக்கால ஒருத்தர் ஆஸ்பத்திரிக்கு போனா டாக்டர் எழுதுன ரிப்போர்ட்ட படிச்சி என்ன வியாதி என்ன வைத்தியம்னு கோடா மாத்தணும், அத வச்சிதான் அங்க இன்சூரன்ஸ் பணம் போவும். அங்க பாக்குத ஐசிடி 10ங்குத கோட் பட்டியல்ல வியாதிக்கு மட்டும் 70,000க்கு மேல கோட் இருக்கு, வருஷா வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி பெரிய அப்டேட் வரும். ஒரு நோயாளியோட ரிப்போர்ட்டத்தான் சார்ட்டும்போம், எங்க டீம்ல ஒரு நாளைக்கு இத்தன சார்ட்னு டார்கெட், ஆக்யுரசி 95 சதவீதத்துக்கு கீழ போவக்கூடாது.

டார்கெட் முடியலன்னா ராத்திரி உக்காருவேன். வீட்டுலயே வேலைங்கதால ஆபீஸ விட்டு கிளம்புத நேரம்னு ஒண்ணு கிடையாது பாத்துக்கிடுங்க, ஆறு மணிக்கு முடிக்க வேண்டியது சோறு பொங்கி பயலுக்கு ஊட்டிட்டு மறுபடி ஒம்பது மணிக்கு லேப்டாப் திறந்தா பன்னெண்டு ஆவும். 2023 டிசம்பர் 17, 18ல தாமிரபரணி வெள்ளம் வந்துதுல்லா, எங்க வீட்டுக்குள்ள தண்ணி வரல, ஆனா கரண்டும் இல்ல நெட்டும் இல்ல. அந்த நாளுல நான் ராத்திரி எட்டு மணிக்கு தூங்குனேன், பயல் பக்கத்துல படுத்து கத கேட்டான், அவனுக்கு ஆறு வயசு, அதுவரைக்கும் அவனுக்கு கத சொல்லுதது எங்க அத்தைதான். நெட்டு வந்த பெறவு பாத்தா என் சார்ட்டெல்லாம் வேற ஊருல இருக்கவங்களுக்கு பிரிச்சி கொடுத்துட்டாங்க, எதுவும் நிக்கல. நான் இல்லாட்டா வேலை நின்னு போவும்னு நினைச்சி எத்தன ராத்திரிய கொடுத்திருக்கேன்னு அன்னைக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சி.

பொங்கலுக்கு முன்னால டவுண் ரதவீதில ஒரு பாத்திரக்கடைல அடுப்படிக்கு வைக்குத டைமர் வாங்குனேன், பேட்டரி கிடையாது, திருகி விட்டா டிக் டிக்னு ஓடி மணி அடிக்கும். பொமோடோரோன்னு சொல்லுதாங்கல்லா, இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ 1980கள்ல காலேஜ் படிக்கும்போது தக்காளி மாதிரி இருந்த கிச்சன் டைமர வச்சி ஆரம்பிச்சது, 25 நிமிஷம் வேல, 5 நிமிஷம் ரெஸ்ட், நாலு தடவ முடிஞ்சா பெரிய ரெஸ்ட். அதத்தான் செஞ்சி பாத்தேன். எமர்ஜென்சி சார்ட் சின்னது, 25 நிமிஷத்துக்கு நல்லா செட் ஆச்சி. உள்நோயாளி சார்ட் அப்படி கிடையாது, நூறு பக்கம் இருக்கும், பாதில மணி அடிச்சா எங்க விட்டோம்னு தேடவே அஞ்சி நிமிஷம் போயிரும், அதனால அதுக்கு 50 நிமிஷம் 10 நிமிஷம்னு மாத்திக்கிட்டேன். ரெஸ்ட்ல போன எடுக்கக்கூடாது, இத ஸ்ட்ரிக்டா வச்சிருக்கேன், வாசல்ல நின்னு எதுத்த வீட்டு வேப்பமரத்த பாப்பேன். சாயங்காலம் வார கண்ணு எரிச்சல் இப்ப ரொம்ப குறைஞ்சிட்டு.

ஒரே மாசத்துல நாலு மணிக்கெல்லாம் டார்கெட் முடிய ஆரம்பிச்சிட்டு. ஆனா இங்கதான் நான் தப்பு பண்ணுனேன், மிச்சமான நேரத்துல இன்சென்டிவ் வருதேன்னு எக்ஸ்ட்ரா சார்ட் எடுத்தேன். ஏப்ரல்ல கணக்கு பாத்தா வாரத்துக்கு 58 மணி நேரம் ஓடிருக்கு, டைமருக்கு முந்தி இருந்ததவிட கூட. அப்பதான் 2021ல உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேந்து வெளியிட்ட ஆய்வ படிச்சேன், வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேல பாக்கவங்களுக்கு 35லேருந்து 40 மணி நேரம் பாக்கவங்களவிட பக்கவாதம் வார ஆபத்து 35 சதவீதம் கூடன்னு போட்டிருந்துச்சி. பக்கவாத கேஸுக்கு தினமும் கோட் போடுதவ நான், அத படிச்சிட்டு அன்னைக்கு தூக்கம் வரல.

அதுக்கு பெறவு ஆறேகால் மணிய பயலுக்கு கொடுத்துட்டேன். வ.உ.சி. மைதானத்துக்கு அவன கூட்டிட்டு போணும், அவன் ஷூவ மாட்டிக்கிட்டு வாசல்ல நிப்பான், "எம்மா மணி ஆச்சி"ம்பான். வேலைய அப்புறம் பாக்கலாம்னு நான் எனக்கு சொல்லிக்கிட்டா நடக்காது, ஒரு ஆளு வாசல்ல காத்துக்கிட்டு நின்னா எந்திரிச்சிதான் ஆவணும். டைமர் வாங்கப்போறவங்க எல்லார்ட்டயும் நான் மொதல்ல கேக்கது இததான், மிச்சமாவுத நேரத்த யாருக்கு கொடுக்கப்போறீய?

ஞாயித்துக்கிழமைய சொதிக்கு கொடுத்துட்டேன். ரெண்டு சார்ட்டுக்கு நடுவுல வைக்குத கொழம்பா அது, தேங்காய துருவி மூணு பால் எடுக்கணும், மூணாம் பால்ல காய வேக வைக்கணும், மொதப்பால கடைசில ஊத்துனா கொதிக்க விடாம இறக்கணும், இல்லன்னா திரிஞ்சிரும். கூட இஞ்சி பச்சடி வேற. அத்தை பக்கத்துல நின்னு சொல்லச்சொல்ல நான் செய்யுதேன், கல்யாணமாயி இத்தன வருஷத்துல அவங்ககூட அவ்வளவு நேரம் பேசுனது இப்பதான்.

போன் விஷயம் சுருக்கமா சொல்லிருதேன். போன்லயே இருக்க டிஜிட்டல் வெல்பீயிங்ல ஒரு ஆப்ப இவ்வளவு நேரந்தான் பாக்கணும்னு டைம் வைக்கது எனக்கு பிரயோஜனப்படல, நாமளே போயி மாத்திரலாம். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ப ஆர்க்கைவ்ல போட்டதுதான் உதவுச்சி, புது மெசேஜ் வந்தாலும் மேல வராது. ஆறு மணிக்கு மேல பாக்கமாட்டேன், அவசரம்னா போன் பண்ணுங்கன்னு டீம் லீடுட்ட நேராவே சொன்னேன். சொல்லும்போது கை நடுங்குச்சி. இதுவரைக்கும் ரெண்டே தடவதான் போன் வந்துருக்கு.

குறையும் இருக்கு. டிக் டிக் சத்தம் பயல் படிக்கும்போது தொந்தரவு, துண்டு மடிச்சி அது மேல டைமர வச்சா கொஞ்சம் குறையும். அக்டோபர் அப்டேட் வார வாரத்துல இந்த கணக்கெல்லாம் நிக்காது, அந்த ஒரு வாரம் ராத்திரி உக்காரத்தான் செய்யுதேன். மீட்டிங் மேல மீட்டிங் இருக்க வேலைக்கும் ஆவாது, எங்க வீட்டுக்காரர் ரெண்டு வாரம் பாத்துட்டு விட்டுட்டாங்க. ஒன்றர வருஷத்துல ஸ்பிரிங் தளந்து 25 வச்சா 23லயே அடிச்சிட்டு, இப்ப எங்கிட்ட இருக்கது ரெண்டாவது. பழச அத்தை தூரப்போட விடல, அடுப்பு பக்கத்துல வச்சிருக்காங்க, ரெண்டு நிமிஷம் கூட்டி வச்சிக்கிட்டா இட்லிக்கு சரியா இருக்குங்காங்க.