ஞானஸ்நான ஆயத்த வகுப்பு: ஆறு வாரம் அமர்ந்து கேட்ட ஒரு தகப்பனின் மதிப்பீடு

நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டவன். என் மனைவி பத்தொன்பது வயதில் சபையார் முன்பாகத் தம் விசுவாசத்தை அறிக்கையிட்டு முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர். மகளுக்கு இப்போதே ஞானஸ்நானம் கொடுப்பதா, வளர்ந்து விசுவாசத்தை அறிக்கையிட்ட பின்பா என்று அவள் பிறந்த நாள் முதல் இரு வீட்டாரும் கேட்டுவந்த கேள்விக்கு எங்களால் பதில் சொல்ல முடியாமலேயே ஓராண்டு கழிந்துவிட்டது. அந்நிலையில்தான், இரண்டு சபைகள் சேர்ந்து நடத்தும் ஞானஸ்நான ஆயத்த வகுப்பில் இருவரும் பெயர் கொடுத்தோம். வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம் வீதம் ஆறு வாரம். குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கும் சபையின் ஆயர் ஒருவரும், விசுவாசத்தை அறிக்கையிடுவோருக்கு மட்டுமே கொடுக்கும் சபையின் போதகர் ஒருவரும் அருகருகே அமர்ந்து பாடம் எடுத்தார்கள்.

முதல் வாரம் அறிமுகத்தோடு முடிந்தது. வகுப்பின் உயிர் இரண்டாம் வாரத்தில் இருக்கிறது. அன்று போதகர் பலகையில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே எழுதினார்: எப்படிக் கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது. முழுக்கு என்றால் பெரியவர்களுக்கு, தெளிப்பு என்றால் குழந்தைகளுக்கு என்று நாங்கள் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருந்தோம். அதை அவர் பொறுமையாக அவிழ்த்தார். ஆர்த்தடாக்ஸ் சபைகள் கைக்குழந்தையையே மும்முறை தண்ணீரில் முழுக்கி, அதே ஆராதனையில் தைலம் பூசி, நற்கருணையும் கொடுக்கின்றன. மறுபுறம், 1525 ஜனவரி 21 அன்று சூரிக் நகரில் ஒரு வீட்டுக்குள் கொன்ராட் கிரேபெல் தம் தோழர் ஜார்ஜ் பிளௌராக்கிற்கு ஞானஸ்நானம் கொடுத்து விசுவாசத்தை அறிக்கையிடுவோருக்கே ஞானஸ்நானம் என்ற அனாபாப்திஸ்து இயக்கத்தைத் தொடங்கிவைத்தபோது, வளர்ந்த மனிதரின் தலையில் தண்ணீர் ஊற்றித்தான் கொடுத்தார். முழு உடலும் தண்ணீருக்குள் மூழ்குவதே சரியான முறை என்பதை லண்டனிலிருந்த ஏழு பாப்திஸ்து சபைகள் தங்கள் விசுவாச அறிக்கையில் எழுதிவைத்தது 1644இல். வயதைக் குறித்த மாற்றம் முதலில் வந்தது, முறையைக் குறித்த மாற்றம் பின்னால் வந்தது என்பதை இவ்வளவு தெளிவாக நான் எங்கும் கேட்டதில்லை.

மூல மொழிச் சொல்லைப் பற்றிய பகுதியும் நேர்மையாக இருந்தது. ஞானஸ்நானத்தைக் குறிக்கும் 'பாப்திசோ' என்ற கிரேக்க வினைக்கு அமிழ்த்துதல், தோய்த்தல் என்பதே முதற்பொருள் என்று ஆயர் தயங்காமல் ஒப்புக்கொண்டார். அதே வினை லூக்கா 11:38இல் உணவுக்கு முன் கழுவுவதைக் குறிக்கவும் வருகிறது என்று போதகர் தம் பங்குக்கு எடுத்துக்காட்டினார். தம் சபைக்குப் பாதகமான சான்றைத் தாமே முன்வைக்கும் ஆசிரியர்கள் அமைவது அரிது. தமிழில் இந்தச் சிக்கல் நம் கண்முன்னாலேயே இருக்கிறது என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது: கத்தோலிக்கர் பெரும்பாலும் தண்ணீர் ஊற்றியே கொடுத்தாலும் அதன் பெயர் திருமுழுக்கு, மற்றச் சபைகள் சொல்லும் ஞானஸ்நானத்திலும் குளியல் இருக்கிறது. பெயரில் தண்ணீர் நிறைந்திருக்க, சடங்கில் அது சில துளிகளாகச் சுருங்கியது ஏன் என்று கேட்பவரைக் குறைகூற முடியாது.

இந்த முறை குறித்த பாடத்தில் என் மனதில் ஆழமாக நின்றது வேறொரு அம்மாவின் கேள்வி. நோயுற்றுப் படுக்கையிலிருக்கும் தம் தாய் இப்போது விசுவாசித்திருக்கிறார், அவரைத் தண்ணீருக்குள் இறக்க முடியாது, என்ன செய்வது ஐயா என்று அவர் கேட்டார். அதற்குப் பதிலாகப் போதகரே தொடக்ககாலத் திருச்சபையின் திதாக்கே என்னும் கையேட்டின் ஏழாம் பகுதியை வாசித்தார். ஓடும் தண்ணீரில் கொடுக்க வேண்டும். அது இல்லையென்றால் வேறு தண்ணீரில். குளிர்ந்த நீரில் முடியாவிட்டால் வெந்நீரில். இரண்டும் போதாதபோது தலையில் மும்முறை ஊற்ற வேண்டும் என்கிறது அது. படுக்கையில் தண்ணீர் ஊற்றப்பட்ட நோயாளிகளின் ஞானஸ்நானம் குறைபட்டதல்ல என்று மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான் எழுதியதையும் ஆயர் சேர்த்துச் சொன்னார். அந்த அம்மா கண்களைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். முழுக்கே இயல்பான முறை, ஆனால் தேவனுடைய கிருபை தண்ணீரின் ஆழத்தால் அளக்கப்படுவதில்லை என்ற முடிவுக்கு நான் வந்தது அன்றுதான்.

மூன்றாம், நான்காம் வாரங்கள் வயதைப் பற்றியவை. லீதியாளும் சிறைச்சாலைக்காரனும் தம் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்ற அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரம், ஞானஸ்நானத்தை, யூத ஆண் குழந்தைகளுக்கு எட்டாம் நாளில் செய்யும் விருத்தசேதனத்தோடு இணைக்கும் கொலோசெயர் 2:11-12, வாக்குத்தத்தம் உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் உரியது என்ற பேதுருவின் சொல் ஆகியவற்றை ஆயர் ஒரே கயிறாகத் திரித்தார். அந்த வீடுகளில் குழந்தைகள் இருந்ததாக வேதம் சொல்லவில்லை, எல்லா இடத்திலும் வார்த்தையைக் கேட்டலும் விசுவாசித்தலும் முன்னே செல்கின்றன, புதிய உடன்படிக்கையில் சிறியவர் முதல் பெரியவர் வரை எல்லோரும் கர்த்தரை அறிவார்கள் என்றே எரேமியா 31 பேசுகிறது என்று போதகர் மறுத்தார். வாதம் சூடாக இருந்தது, மரியாதை குறையவில்லை.

வரலாற்றுப் பாடத்தில்தான் எனக்கு மனக்குறை. ஏறக்குறைய 200ஆம் ஆண்டில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் குழந்தைகளுக்குத் தாமதித்துக் கொடுக்கச் சொன்னதையும், 253ஐ ஒட்டி 66 ஆயர்கள் கூடிய கார்த்தேஜ் சங்கம் குழந்தை பிறந்த எட்டாம் நாள் வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை என்று தீர்த்ததையும் நன்றாக விளக்கினார்கள். அங்கிருந்து ஒரே தாவலில் மனிதர் பிறக்கும்போதே பாவத்தோடு பிறக்கிறார்கள் என்ற ஆயர் அகுஸ்தீனின் ஜென்மபாவப் போதனைக்கும், பிறகு 1525க்கும் போய்விட்டார்கள். நடுவிலுள்ள நான்காம் நூற்றாண்டல்லவா எங்களைப் போன்ற பெற்றோருக்கு மிகவும் தேவையானது? விசுவாசியான மோனிக்காவின் மகன் அகுஸ்தீனே வளர்ந்த பின் 387இல்தான் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்றார். நசியான்சு நகரின் கிரெகோரி ஓர் ஆயரின் மகன். அவரும் வளர்ந்த பின்பே பெற்றார். அவரே பிற்பாடு, உயிருக்கு ஆபத்து இருந்தால் குழந்தைக்கு உடனே கொடுங்கள், இல்லையென்றால் ஏறத்தாழ மூன்று வயது வரை பொறுத்திருங்கள் என்று பிரசங்கித்தார். குழந்தைக்கா பெரியவருக்கா என்ற இரண்டே வழிகள்தான் உண்டு என்று நினைத்துத் தவிக்கும் ஒருவருக்கு இந்த மூன்று வயது ஆலோசனை எவ்வளவு ஆறுதல் தரும்! இதை வகுப்பில் நானே எழுந்து சொல்ல வேண்டியதாயிற்று.

அதைவிடப் பெரிய குறை, மறு ஞானஸ்நானம் பற்றிய கேள்விக்குக் கடைசி வாரத்தில் இருபது நிமிடம் மட்டுமே ஒதுக்கியது. குழந்தையில் பெற்றவர் மீண்டும் எடுக்க வேண்டுமா என்பதுதான் அந்த அறையில் பாதிப் பேரை வாட்டிய கேள்வி. ஞானஸ்நானம் ஒன்றே, அது திரும்பக் கொடுக்கப்படக் கூடாது என்று பல சபைகளின் பிரதிநிதிகள் சேர்ந்து உருவாக்கிய 1982ஆம் ஆண்டின் லீமா அறிக்கையை ஆயர் நினைவூட்டினார். குழந்தையில் பெற்றது ஞானஸ்நானமே அல்ல என்று கருதும் சபைக்கு இரண்டாவது என்று ஒன்று கிடையாது என்றார் போதகர். அத்தோடு மணி ஆகிவிட்டது. என் ஞானஸ்நானம் செல்லாது என்று இத்தனை ஆண்டுகளாக மனைவியின் உறவினர்கள் சொல்லக் கேட்டு வேதனைப்பட்டவன் நான். இருபது நிமிடம் எனக்குப் போதவில்லை.

அச்சிட்டுக் கொடுத்த பாடக்குறிப்புகள் தெளிவானவை. வேத வசனங்கள் முழுமையாக இருந்தன. குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவரைப் பிற்பாடு விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கான திடப்படுத்தலைப் பற்றி அரைப்பக்கம்கூட இல்லை என்பது மட்டும் வருத்தம், ஏனெனில் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கும் பல சபைகளில் தனிப்பட்ட விசுவாச அறிக்கை நிகழும் இடம் அதுதான். திருமணத்திற்கு முன்பே, குழந்தை பிறப்பதற்கு முன்பே இந்த வகுப்புக்குச் செல்வது நல்லது. எங்களைப் போல் தொட்டிலை அருகில் வைத்துக்கொண்டு யோசிக்கத் தொடங்கினால் அவசரம் வந்துவிடும்.

மறு ஞானஸ்நானத்திற்கு ஒரு முழு வாரம் ஒதுக்குங்கள் என்று இருவரிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த சுற்றில் ஏழாவது வாரம் சேர்க்கப்படும் என்று போதகர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாரத்திற்காக நானும் என் மனைவியும் மீண்டும் பெயர் கொடுத்துவிட்டோம். மகளைக் குறித்த முடிவையும் அதுவரை தள்ளிவைத்திருக்கிறோம்.