அமெரிக்கக் கவுண்டி ஒன்றைப் படிக்க குயிக் ஃபக்ட்ஸ் எந்த அளவுக்கு உதவும்?

அமெரிக்கத் தொகைமதிப்புப் பணியகம் நடத்தும் குயிக் ஃபக்ட்ஸ் ஓர் இலவச இணையச் சேவை. கணக்குத் திறக்கத் தேவையில்லை, காசும் கட்ட வேண்டியதில்லை. அந்நாட்டு மத்திய அரசின் வெளியீடு என்பதால் அட்டவணையை வினாத்தாளிலோ கையேட்டிலோ அச்சடிக்க அனுமதி கேட்டு எழுதவும் வேண்டாம். மட்டக்களப்பு, அம்பாறையில் உயர்தரப் புவியியல், அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கிறவர்களுக்கும், வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் ஒப்படை எழுதும் மாணவர்களுக்கும் இது பெரிய வசதி. ஆனால் ஒரு கவுண்டியின், அதாவது மாநிலத்துக்குள் அடங்கும் உள்ளூர் நிர்வாகப் பிரிவின், புவியியல், சனத்தொகை, அரசியல் மூன்றையும் ஒரே பக்கத்தில் எடுத்துவிடலாம் என்று போனால் ஏமாற்றம்தான். சனத்தொகைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. புவியியலுக்கு அரைகுறை. அரசியலுக்கு ஒன்றுமே இல்லை.

சோதித்துப் பார்க்க நெப்ராஸ்கா மாநிலத்தின் செர்ரி கவுண்டி நல்ல உதாரணம். மணற்குன்றுகளின் மேல் புல் படர்ந்த மாட்டுப் பண்ணை நிலம், மாநிலத்தின் 93 கவுண்டிகளில் பரப்பால் மிகப் பெரியது. தேடல் பெட்டியில் கவுண்டியின் பெயரோடு மாநிலத்தின் பெயரையும் அடியுங்கள். வாஷிங்டன், லிங்கன் போன்ற பெயர்கள் பல மாநிலங்களில் இருப்பதால் பெயரை மட்டும் அடித்தால் வேறு கவுண்டி வந்து நிற்கும். சரியான இடம்தானா என்று உறுதிப்படுத்த அட்டவணையின் அடியில் உள்ள 5 இலக்கக் குறியீட்டைப் பாருங்கள். செர்ரிக்கு அது 31031. முதல் 2 இலக்கம் மாநிலம், அடுத்த 3 கவுண்டி. ஒரே அட்டவணையில் 6 இடங்கள் வரை பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். கவுண்டி, மாநிலம், முழு நாடு மூன்றையும் எப்போதும் சேர்த்தே வையுங்கள். தனி எண் எதையும் சொல்லாது.

2020 தொகைமதிப்பில் செர்ரியின் சனத்தொகை 5,455. சதுர மைலுக்கு 0.9 பேர் என்று அடர்த்தி வரிசையில் வரும். இந்த எண்ணைக் கண்டதும் பிள்ளைகள் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். பிழை இல்லை. நிலப்பரப்பு ஏறத்தாழ 5,960 சதுர மைல். 2.59ஆல் பெருக்கினால் 15,400 சதுர கிலோமீற்றருக்குச் சற்று மேல். மட்டக்களப்பையும் அம்பாறையையும் சேர்த்து இரண்டு மடங்காக்கினாலும் அதற்கு எட்டாது. இலங்கையின் தரைப்பரப்பில் நாலில் ஒரு பங்கு என்று சொன்னால் வகுப்பில் உடனே விளங்கும்.

இந்த ஒப்பீட்டில் அடிக்கடி நடக்கும் பிழை நீர்ப்பரப்பில் வருகிறது. குயிக் ஃபக்ட்ஸ் தருவது தரைப்பரப்பு மட்டும். மட்டக்களப்பு மாவட்டத்துக்குப் பொதுவாக எல்லோரும் எழுதும் 2,854 சதுர கிலோமீற்றரில் வாவியும் குளங்களுமாக 244 அடங்கும். அதைக் கழித்து 2,610ஐ எடுத்தால்தான் ஒப்பீடு நேராகும். அம்பாறைக்கு 4,415க்குப் பதில் 4,222. கவுண்டியின் நீர்ப்பரப்பும் வேண்டுமென்றால் அதே பணியகத்தின் கசற்றியர் (இடப்பெயர்ப் பட்டியல்) கோப்பில் தரை, நீர் இரண்டும் தனித்தனி நிரலில் இருக்கின்றன. மணற்குன்று, நயோபிராரா ஆறு, அடியில் கிடக்கும் ஒகலாலா நிலத்தடி நீர்ப்படுகை எதுவும் குயிக் ஃபக்ட்ஸில் இல்லை. அவற்றுக்கு அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தின் வரைபடங்களுக்குத்தான் போக வேண்டும்.

அடுத்து, கவுண்டியின் தலைநகரான வேலன்டைனைத் தேடினால் வராது. 5,000 பேருக்குக் குறைந்த நகரங்களை இந்தச் சேவை சேர்ப்பதில்லை. வேலன்டைனில் அதில் பாதியளவு பேர்தான். பணியகத்தின் பெரிய தரவுத்தளமான டேட்டா டொட் சென்சஸ் டொட் கவ் தளத்தில்தான் அது கிடைக்கும். 2020இலிருந்து குறைந்தது 5,000 பேர் அல்லது 2,000 வீடுகள் இருந்தால்தான் நகர்ப்புறம் என்று பணியகம் கணக்கிடுகிறது. முன்பு 2,500 பேர் போதும். ஆகவே வேலன்டைன் நகரே இப்போது கிராமப்புறம்தான். எங்களுக்கு மாநகர சபையோ நகர சபையோ இருந்தால் நகரம், பிரதேச சபை என்றால் கிராமம். கடை நெருக்கமாக உள்ள களுவாஞ்சிக்குடி எங்கள் கணக்கில் கிராமம், காத்தான்குடி நகரம். அங்கே வீட்டு நெருக்கத்தை வைத்துத் தீர்மானிக்கிறார்கள், இங்கே சபையின் தரத்தை வைத்து. இரு நாட்டுக் கிராமப்புறச் சதவீதங்களை ஒரே நிரலில் போட்டு ஒப்பிடுகிற ஒப்படைகளுக்குப் புள்ளி குறைப்பது நியாயம்தான்.

இனி முக்கியமான விஷயம். அட்டவணையில் உள்ள எண்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. 2020 சனத்தொகை, வீடு வீடாக எண்ணியது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1க்குத் தரப்படுவது பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வுப் பதிவுகளை வைத்துப் போட்ட மதிப்பீடு. வருமானம், கல்வி, வீட்டில் பேசும் மொழி போன்றவை மாதிரி ஆய்வில் வருபவை. 65,000 பேருக்குக் குறைந்த கவுண்டிக்கு 5 ஆண்டுகளின் விடைகளைச் சேர்த்தால்தான் அந்த எண் கிடைக்கும். 5,455 பேர் உள்ள இடத்தில் மாதிரி எவ்வளவு சிறியதாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் உள்ள சிறு தகவல் குறியை அழுத்தினால் அது எந்த வகை, எங்கிருந்து வந்தது என்று காட்டும். அதை அழுத்தாமல் எந்த எண்ணையும் எழுதாதீர்கள்.

குடும்ப வருமானம் எழுத வேண்டுமென்றால் பெரிய தளத்துக்குப் போய் பி 19013 என்ற அட்டவணையைத் திறவுங்கள். அங்கே எண்ணோடு கூட்டல்-கழித்தல் குறியிட்ட பிழை எல்லையும் இருக்கும், 90 சதவீத நம்பிக்கை மட்டத்தில். இரண்டு கவுண்டிகளை ஒப்பிடும் முறை இதுதான்: இரு எல்லைகளையும் தனித்தனியே வர்க்கித்து, கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். ஒரு கற்பனைக் கணக்காக, ஒரு கவுண்டியில் 60,000 ± 7,000 டொலர், மற்றதில் 66,000 ± 6,000 டொலர் என்று வைப்போம். 49ஐயும் 36ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 9.2, அதாவது சுமார் 9,200 டொலர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 6,000தான். ஆகவே இரண்டாவது கவுண்டி பணக்காரக் கவுண்டி என்று எழுத இடமில்லை. அதேபோல் 2018–2022 எண்ணையும் 2019–2023 எண்ணையும் வைத்து வளர்ச்சி சொல்லக்கூடாது. நாலு ஆண்டுகள் இரண்டிலும் பொது. 2014–2018ஐயும் 2019–2023ஐயும் ஒப்பிடலாம்.

தொழில், வியாபாரப் பகுதியில் எண்ணுக்குப் பதில் டி என்ற ஆங்கில எழுத்து நின்றால் பூச்சியம் என்று எடுக்காதீர்கள். ஒன்றிரண்டு நிறுவனமே உள்ள இடத்தில் எண்ணை வெளியிட்டால் யாருடைய வருமானம் என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்பதால் மறைத்திருக்கிறார்கள். 2020 தொகைமதிப்பிலும் இதே காரணத்துக்காக வேண்டுமென்றே சிறு மாற்றங்கள் கலக்கப்பட்டன. மாநில மொத்தம் எண்ணியபடியே விடப்பட்டது. கவுண்டி மட்டத்தில் அதன் பாதிப்பு சிறிது. ஆனால் மிகச் சிறிய கணக்கெடுப்புத் துண்டுகளுக்கு இறங்கினால் வீடே இல்லாத இடத்தில் ஆட்கள் இருப்பதாக வரும். அந்த மட்டத்துக்கு இறங்க வேண்டாம்.

இன விபரத்தைத் தேடுகிறவர்கள் இரண்டு இடத்தில் தடுமாறுவார்கள். ஹிஸ்பானிக் என்பது தனிக் கேள்வி. அவர்கள் இன வரிசைகளிலும் ஏற்கனவே இருக்கிறார்கள், ஆகவே எல்லாவற்றையும் கூட்டினால் 100ஐத் தாண்டும். மதம் அறவே இல்லை. கட்டாயக் கணக்கெடுப்பில் மதம் கேட்பதை அமெரிக்கச் சட்டம் தடுக்கிறது. இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம், பௌத்தம் என்று பிரதேச செயலகப் பிரிவு மட்டத்திலேயே விபரம் எடுத்துப் பழகியவர்களுக்கு இது பெரிய வெற்றிடமாகத் தெரியும்.

வரலாறும் போதாது. தொகைமதிப்பு எண்களில் 2020ஐயும் 2010ஐயும் மட்டும் காட்டும். 1920இல் செர்ரியில் 11,000 பேருக்கு மேல் இருந்தார்கள் என்பதை அறிய பணியகத்தின் பழைய தொகுதிகளைத் தனியே இறக்க வேண்டும். அதைக் காணாமல் இன்றைய 5,455க்குப் பொருள் இல்லை. 1904ஆம் ஆண்டுக் கின்கேய்ட் சட்டம் குடியேறியவருக்கு 640 ஏக்கர் வரை இலவசமாகக் கொடுத்தது. மணல் நிலம் கலப்பைக்குச் சரிவரவில்லை. பலர் விற்றுப் போக, துண்டு துண்டாக இருந்த காணிகள் பெரிய மாட்டுப் பண்ணைகளுக்குள் போயின. 2017 விவசாயத் தொகைமதிப்பில் இறைச்சி மாட்டினப் பசுக்களின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலாவது கவுண்டி செர்ரிதான். அந்தக் கணக்கு விவசாயத் திணைக்களத்திடம் இருக்கிறது. மேய்ச்சற்தரை பற்றி இங்கே எழுதும் எவரும் அந்த அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

அரசியலுக்கு வருவோம். வாக்களிக்கும் வயதினர் எத்தனை பேர் என்பதோடு பணியகம் நின்றுவிடும். கட்சிவாரி வாக்குகளுக்கும் கட்சிப் பதிவுக்கும் நெப்ராஸ்கா மாநிலச் செயலாளர் அலுவலகத்தின் இணையத்தளத்துக்குப் போங்கள். அண்மைய ஜனாதிபதித் தேர்தல்களில் செர்ரியில் 80 சதவீதத்துக்கு மேல் குடியரசுக் கட்சிக்கே. இத்தோடு நிறுத்தினால் அரைப் படிப்புத்தான். மாநில சட்டசபை ஒரே சபை, 49 உறுப்பினர், கட்சிப் பெயர் இல்லாமல் தெரிவாகிறார்கள். ஜனாதிபதித் தேர்தலில் மாநிலத்தின் 5 தேர்தல் வாக்குகளில் 2 முழு மாநில வெற்றியாளருக்கு, மற்ற 3 காங்கிரஸ் தொகுதிக்கு ஒன்றாக. செர்ரி 3ஆம் தொகுதியில் இருக்கிறது.

கவுண்டியை மாவட்டம் என்று மொழிபெயர்த்துவிட்டு நகர்வதால்தான் பல ஒப்படைகள் கெட்டுப்போகின்றன. எங்கள் மாவட்டச் செயலாளரைக் கொழும்பு நியமிக்கிறது. அங்கே ஷெரிஃப், பொருளாளர், எழுத்தர், காணி மதிப்பீட்டாளர், கவுண்டியின் சட்டத்தரணி எல்லோரும் வாக்கால் தெரிவாகிறார்கள், பெரும்பாலும் கட்சிச் சீட்டில். கச்சேரி (மாவட்டச் செயலகம்), பிரதேச சபை, பொலிஸ் நிலையம் மூன்றின் வேலைகளில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒரே கட்டடத்துக்குள் வைத்தது என்று விளக்கலாம்.

பக்கத்து மாநிலத்தோடு ஒப்பிட நினைத்தால் வடக்கே தெற்கு டகோட்டாவின் ஒக்லாலா லகோட்டா கவுண்டியை எடுங்கள். பழங்குடி ஒதுக்கிடம், 13,000 பேருக்கு மேல், ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை வாக்கு. அதே புல்வெளி நாட்டில் அரசியல் தலைகீழ். ஆனால் 2015 வரை அதன் பெயர் ஷானன். பெயர் மாறியதோடு குறியீடும் 46113இலிருந்து 46102 ஆனது. பழைய கோப்பையும் புதியதையும் குறியீட்டால் இணைத்தால் அந்தக் கவுண்டி சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும். கனெக்டிகட்டில் 2022இலிருந்து 8 கவுண்டிகளுக்குப் பதில் 9 திட்டமிடல் பிராந்தியங்கள். அந்த மாநிலத்தை நீண்டகால ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள்.

போனில் குயிக் ஃபக்ட்ஸ் தாராளமாக ஓடும். பெரிய தரவுத்தளம் பாரமானது, கணனியில் திறப்பது நல்லது. சிஎஸ்வி கோப்பாக இறக்கினால் காற்புள்ளி, டொலர் குறி, சதவீதக் குறி எல்லாம் எண்ணோடு ஒட்டி வரும், சில வேளைகளில் எக்செல் அவற்றை எழுத்தாக எடுத்துக் கூட்டாமல் விட்டுவிடும். கண்டுபிடித்து மாற்றும் வசதியால் அந்தக் குறிகளை முதலில் நீக்குங்கள். குறியீட்டு நிரலை மட்டும் எழுத்து வடிவிலேயே வையுங்கள். அலபாமா போன்ற மாநிலங்களின் குறியீட்டில் முன்னால் உள்ள பூச்சியம் இல்லாவிட்டால் மறைந்துபோகும்.

இறக்கிய அன்றே பக்கத்தைப் பிடிஎஃப் ஆகவும் சேமித்து வையுங்கள். புதிய மதிப்பீடு வந்ததும் பழையது அதே முகவரியில் அழிந்துவிடும். 2020க்குப் பிந்திய எல்லா ஆண்டுகளின் எண்களும் ஒவ்வொரு முறையும் திருத்தப்படும். ஆகவே மேற்கோளில் வெளியீட்டு ஆண்டையும் இறக்கிய திகதியையும் எழுதுங்கள், ஒரு வெளியீட்டின் எண்ணை அடுத்த வெளியீட்டின் எண்ணிலிருந்து கழிக்காதீர்கள்.